தங்க முத்திரை ஒட்டிய புத்தகமெல்லாம் நம் குழந்தைக்கு ஏற்றதா?

காங்கேயத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். ஈரோடு புத்தகத் திருவிழாவில், அட்டையில் தங்க நிறத்தில் வட்ட முத்திரை ஒட்டிய இரண்டு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை மகளுக்கு வாங்கினாராம். ஆறாவது படிக்கும் பாப்பா ஒன்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள், இன்னொன்றை நாலைந்து பக்கத்தோடு மூடி வைத்துவிட்டாள். இந்த விருதெல்லாம் யார் கொடுப்பது, எந்த நாட்டு விருதை நம்பி வாங்கலாம், தமிழில் இப்படி எதுவும் கிடையாதா என்பது அவருடைய கேள்வி.

பள்ளி நூலகம் ஒன்றில் பல வருடமாகக் குழந்தைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சரிங்க, நேரடியான பதில் முதலில். விருது என்பது தரத்துக்குச் சாட்சி, உங்கள் குழந்தையின் வயதுக்கோ ருசிக்கோ சாட்சி இல்லை. முத்திரையைப் பார்த்ததும் இதை யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த வயதுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது அமெரிக்காவின் நியூபெரி பதக்கம். 1922 முதல் கொடுக்கிறார்கள், உலகத்தில் குழந்தைப் புத்தகத்துக்கென்று ஏற்பட்ட விருதுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. ஜான் நியூபெரி என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் குழந்தைகளுக்கென்றே புத்தகம் போட்டு விற்ற ஆங்கிலேயர், அவர் பெயரில் அமெரிக்கர்கள் கொடுக்கும் விருது இது. தேர்ந்தெடுப்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு. விதிப்படி எழுத்தாளர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். அதனால்தான் உலகமே படித்த ஹாரி பாட்டர் வரிசைக்கு நியூபெரி கிடையாது, தரம் குறைவு என்பதால் அல்ல. வயது வரம்பு 14 வரை. இந்த இடத்தில்தான் நம் பெற்றோர் தடுமாறுகிறார்கள். 2016-இல் அந்தப் பதக்கம் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு படப் புத்தகத்துக்குப் போனது, வேறு பல வருடங்களில் எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குத்தான் பிடிபடும் நாவல்களுக்குப் போயிருக்கிறது, இரண்டிலும் ஒட்டியிருப்பது அதே தங்க முத்திரை. உங்கள் பாப்பா மூடி வைத்த புத்தகம் இன்னும் இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பிடித்துப்போகலாம், தூக்கிப் போடாதீர்கள்.

வெள்ளி முத்திரையும் இருக்கும். அது அதே வருடம் கடைசி வரை போட்டியில் நின்ற புத்தகங்களுக்கு. ஒரு சிலந்தியும் பன்றிக்குட்டியும் நண்பர்களாகும் ‘சார்லட்ஸ் வெப்’ கதையை உலகத்துக் குழந்தைகள் இன்றைக்கும் வாங்கிப் படிக்கிறார்கள். அதற்கு 1953-இல் கிடைத்தது வெள்ளிதான், அந்த வருடம் தங்கம் வாங்கிய புத்தகத்தை இப்போது பெரும்பாலோருக்குப் பெயர்கூடத் தெரியாது. அதனால் வெள்ளியைப் பார்த்து இரண்டாந்தரம் என்று ஒதுக்க வேண்டாம், என் அனுபவத்தில் பிள்ளைகள் விரும்பிப் படிப்பது பல சமயம் வெள்ளிப் பட்டியலில்தான் கிடைக்கிறது.

நியூபெரி எழுத்துக்கு என்றால், 1938-இலிருந்து கொடுக்கும் கால்டிகாட் படப் புத்தகத்தின் ஓவியருக்கு. எல்.கே.ஜி முதல் இரண்டாவது வரை உள்ள பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

நியூபெரியில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தா அருகே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தன் கோபால் முகர்ஜி, 1928-இல் அந்தப் பதக்கத்தை வாங்கினார். கதாநாயகன் கல்கத்தாவில் ஒரு பையன் வளர்க்கும் புறா. வண்ணக் கழுத்து உள்ளதால் சித்திரக்ரீவன் என்று பெயர், இமயமலைப் பக்கமெல்லாம் பறந்துவிட்டு முதல் உலகப் போரில் பிரான்சுப் போர்முனையில் செய்தி சுமக்கிறது. ஆங்கிலத் தலைப்பு ‘கே நெக்’. 1936-இலேயே ஆசிரியர் இறந்துவிட்டதால் இந்தியாவில் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, அமெரிக்காவிலும் முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஈரோடு, கோவைப் பக்கம் மாடியில் கூண்டு கட்டிப் புறா வளர்க்கும் பையன் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள். ஆங்கிலம் கொஞ்சம் பழைய நடை, அதனால் பெரியவர் யாராவது கூட உட்கார்ந்து கதையாகச் சொல்லிக்கொண்டே போவது நல்லது.

இங்கிலாந்தில் இதற்கு இணையானது கார்னகி பதக்கம், 1936-இல் தொடங்கியது. முதல் பதக்கமும் பெயரிலேயே புறா உள்ள கதைக்குத்தான் போனது, ஆர்தர் ரான்சம் எழுதிய ‘பிஜியன் போஸ்ட்’. இதையும் தேர்ந்தெடுப்பவர்கள் நூலகர்கள்தான். ஓவியத்துக்கு கேட் கிரீனவே பெயரில் தனிப் பதக்கம் இருந்தது, இப்போது அதையும் கார்னகி ஓவியப் பதக்கம் என்றே அழைக்கிறார்கள். ஆனால் எழுத்துக்கான கார்னகியில் ஒரு எச்சரிக்கை உண்டு, பதின்வயதினருக்கான கனமான புத்தகங்களும் அதில் ஜெயிக்கும். 1996-க்கான பதக்கம் ஹெராயின் போதையில் சிக்கும் இளைஞர்களைப் பற்றிய நாவலுக்கு, 2014-இல் ஜெயித்தது கடத்தப்பட்டு நிலவறையில் அடைபட்ட ஒரு பையனின் நாட்குறிப்பு, அதில் ஆறுதலுக்கு ஒரு வரியும் இருக்காது. இரண்டும் நல்ல எழுத்து, ஆறாவது படிக்கும் குழந்தை கையில் கொடுப்பதற்கு அல்ல. கார்னகி என்று போட்டிருந்தால் பின்னட்டையை முழுசாகப் படித்த பிறகு வாங்குங்கள்.

அந்த கார்னகி யார் என்பதைக் கொங்கு நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்ற நெசவு ஊரில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். நீராவி விசைத்தறி வந்து கைத்தறிக்கு வேலை இல்லாமல் போனதும் 1848-இல் குடும்பமே கடன் வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பையன் பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலையில் சேர்ந்தான், பிறகு தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஆனான். அந்த நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வீட்டுப் புத்தகங்களை வேலைக்குப் போகும் பையன்களுக்கு வாராவாரம் இரவல் கொடுத்தார், படித்தது அங்கேதான். பின்னால் எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரர் ஆனதும் உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களைக் கட்டிக் கொடுத்தார். அவருடைய தொழிலாளர் கொள்கைகள் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. ஆனாலும் நூலகம் கட்டிய பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள். பவானியிலும் சென்னிமலையிலும் தறியோடு வளர்ந்து பிறகு மில்லோ பனியன் கம்பெனியோ வைத்தவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர், கல்லூரி கட்டுகிறார்கள், கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள், கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். குழந்தைப் புத்தகத்துக்கு அதில் ஒரு சின்னப் பங்கு வந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஏனென்றால் இந்த விருதுகளின் பலம் பரிசுப் பணத்தில் இல்லை. நியூபெரியில் பணமே கிடையாது, பதக்கம் மட்டும்தான். ஆனால் தேர்ந்தெடுப்பது நூலகர்கள், வாங்குவதும் நூலகங்கள். ஜனவரியில் அறிவிப்பு வந்ததும் நாடு முழுக்கப் பொது நூலகமும் பள்ளி நூலகமும் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைக்கின்றன, பதிப்பகம் உடனே மறுபதிப்பு போடுகிறது, பல புத்தகங்கள் ஐம்பது அறுபது வருடம் அச்சில் நிற்கின்றன. காசில்லாத வீட்டுக் குழந்தைக்கும் அது கிடைக்கிறது.

அந்தத் தேர்விலும் குறை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1969 வரை கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குக்கூட நியூபெரி தங்கம் போகவில்லை. அதைச் சகிக்க முடியாத கறுப்பின நூலகர்கள் சிலர் சேர்ந்து மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் பெயரில் தனி விருதை ஏற்படுத்தினார்கள், 1970-இலிருந்து கொடுக்கிறார்கள். 1975-இல்தான் வர்ஜீனியா ஹாமில்டனுக்கு நியூபெரி வந்தது. 2020-இல் ‘நியூ கிட்’ என்ற காமிக்ஸ் நூல் இரண்டு விருதையும் சேர்த்து வாங்கியது, ஒரு காமிக்ஸ் நியூபெரி தங்கம் வாங்கியது அதுவே முதல் முறை. எழுத்து நெருக்கமாக இருந்தாலே புத்தகத்தை மூடிவிடும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

நாடு கடந்த விருதுகள் வேறு வகை. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதைச் சிலர் குழந்தை இலக்கியத்தின் நோபல் என்பார்கள். யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண் பத்திரிகையாளர், நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு ஓடியவர், போர் முடிந்ததும் அதே ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, இடிபாடுகளுக்கு நடுவே வளரும் குழந்தைகளுக்கு ரொட்டி மாதிரியே புத்தகமும் வேண்டும் என்று பல நாடுகளிடம் கேட்டு வாங்கி, 1946-இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். தன்னை விரட்டிய நாட்டின் பிள்ளைகளுக்காக அப்படி அலைந்தவர். அதிலிருந்து சர்வதேச இளைஞர் நூலகம் பிறந்தது, பிறகு 1953-இல் இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு மன்றம் பிறந்தது, அந்த மன்றம்தான் 1956 முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த விருதைக் கொடுக்கிறது. ஒரு புத்தகத்துக்கு அல்ல, எழுத்தாளரின் வாழ்நாள் பணிக்கு. 1966-இலிருந்து ஓவியருக்கும் உண்டு. ஜப்பான், சீனா, தென்கொரியா என்று ஆசியாவிலிருந்து பலர் வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து இதுவரை யாரும் வாங்கவில்லை.

ஜப்பானியக் கவிஞர் மிச்சியோ மாதோவுக்கு 1994-இல் கிடைத்தபோது, அவர் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தவர் அந்நாட்டின் பேரரசி மிச்சிகோ. மொழிபெயர்ப்பில்லாமல் உலக நடுவர்கள் எதையும் படிக்க முடியாது. நம்மிடம் நல்ல எழுத்து இல்லை என்பதைவிட, அவர்கள் கைக்கு அது போகவில்லை என்பதுதான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

பணத்தில் பெரியது சுவீடன் அரசு 2003-இலிருந்து கொடுக்கும் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது, 50 லட்சம் சுவீடிஷ் குரோனர், நம் பணத்தில் கோடிகளில் வரும். பிப்பி என்ற அடங்காத பெண்ணைப் படைத்த லிண்ட்கிரென் 2002-இல் இறந்ததும் ஏற்படுத்தினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எழுத்தாளருக்கு மட்டும் என்று வைக்காமல் குழந்தைகளிடம் வாசிப்பைக் கொண்டுபோகும் அமைப்புகளுக்கும் கொடுப்பது. 2007-இல் வெனிசுவேலாவின் ஒரு வாசிப்பு அமைப்புக்கும், 2009-இல் பாலஸ்தீனத்தில் வாசிப்பை வளர்க்கும் தமேர் நிறுவனத்துக்கும், 2024-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளுக்குப் புத்தகம் சேர்க்கும் அறக்கட்டளைக்கும் போயிருக்கிறது.

இத்தாலியின் போலோன்யா நகரில் நடக்கும் குழந்தைப் புத்தகச் சந்தையிலும் விருதுகள் உண்டு. சென்னை தாரா புக்ஸ் கையால் அச்சிட்ட, கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்களைப் பற்றிய புத்தகம் 2008-இல் அங்கே பரிசு வாங்கியது. ஜெர்மனியின் இளையோர் இலக்கியப் பரிசு 1956-இலிருந்து அரசுப் பணத்தில் நடக்கிறது, மொழிபெயர்ப்பு நூலுக்கும் சம உரிமை உண்டு, ஆகவே உலகக் கதைகளைத் தேடுபவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு புதையல். நெதர்லாந்தில் பரிசின் பெயரே தங்கச் சிலேட்டுக் குச்சி, ஓவியருக்குத் தங்கத் தூரிகை.

இனி, பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுப்பது குழந்தைக்குப் பிடிக்குமா என்ற கேள்வி. அது எல்லா நாட்டிலும் எழுந்திருக்கிறது. பிரான்சில் 1988-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளே படித்து ஓட்டுப் போடும் பரிசு நடக்கிறது. இங்கிலாந்தில் கார்னகி குறும்பட்டியலைப் பள்ளிக் குழுக்கள் கூடவே படித்துத் தங்கள் தேர்வைத் தனியாக அறிவிக்கின்றன. எனக்கு மிகவும் நடைமுறைக்கு ஒத்ததாகத் தெரிவது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புளூபானட் பூவின் பெயரால் நடப்பது. நூலகர்கள் ஒவ்வொரு வருடமும் 20 புத்தகங்களின் பட்டியலைக் கொடுக்கிறார்கள், மூன்றாவது முதல் ஆறாவது வரை படிக்கும் பிள்ளை அதில் குறைந்தது ஐந்தைப் படித்திருந்தால் ஜனவரியில் ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான் விதி. ஐந்து படித்தால் ஓட்டு என்றவுடன் பிள்ளைகள் எப்படித் தேடிப் படிப்பார்கள் என்பது நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, தமிழுக்கு வருகிறேன். கிடையாதா என்று கேட்டீர்கள், உண்டு. சாகித்திய அகாதெமி 2010-இலிருந்து பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கிறது, 24 மொழிகளுக்கு, ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாயும் பட்டயமும். தமிழில் முதலில் வாங்கியவர் மா. கமலவேலன். பிறகு ம.இலெ. தங்கப்பா, கொ.மா. கோதண்டம், ஆயிஷா இரா. நடராசன் என்று வரிசை நீள்கிறது. உங்கள் பாப்பா வயதுக்கு நான் தயங்காமல் சொல்வது, 2020-இல் வாங்கிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023-இல் வாங்கிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. முதலாவது தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளிடம் பயமுறுத்தாமல் பேசுகிறது, பெண் பிள்ளை மட்டுமில்லை பையன்களும் படிக்க வேண்டியது. இரண்டாவது கீழடிக்குக் கூட்டிப்போகிறது. 2024-இல் யூமா வாசுகிக்கும் 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனுக்கும் கிடைத்தது. தமிழ் வளர்ச்சித் துறை வருடந்தோறும் கொடுக்கும் சிறந்த நூல் பரிசிலும் சிறுவர் இலக்கியம் ஒரு பிரிவு.

ஆக விருது இருக்கிறது, விருதுக்குப் பிறகு நடக்க வேண்டியது நடப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. புத்தகத் திருவிழாவில் போய்ப் போன வருடம் பால சாகித்திய வாங்கிய புத்தகம் எது என்று கேட்டால் பல ஸ்டால்களில் முழிக்கிறார்கள், இருந்தாலும் அடியிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, அட்டையில் முத்திரையும் இருக்காது. ஓவியருக்கென்று கால்டிகாட் மாதிரி, நாடே பேசும் ஒரு விருது தமிழில் இல்லை, அதனாலேயே நல்ல ஓவியர்கள் குழந்தைப் புத்தகத்தில் நிலைப்பதில்லை என்பது என் கணிப்பு. ஐந்து வயதுக்கும் பதிமூன்று வயதுக்கும் ஒரே தட்டில் போட்டு நிறுப்பதும் சரியில்லை. நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேல் குழந்தைகளுக்கும் தேர்வில் இடம் வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன், பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு, குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார், 1968-இலிருந்து 1976 வரை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். அவர் பெயரில் கொங்கு மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் ஒரு குழந்தைப் புத்தகப் பரிசு இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! கோவையில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று, திருப்பூரில் ஒன்று என்று வருடத்துக்கு மூன்று பெரிய புத்தகத் திருவிழா நடக்கிற ஊர் இது, அறிவிப்பதற்கு மேடை தேட வேண்டியதில்லை.

அதற்குக் காத்திருக்காமல் உங்கள் பள்ளியிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பெற்றோர் நாலைந்து பேர் சேருங்கள். ஆறாவது ஏழாவதுக்கு ஏற்ற பன்னிரண்டு தமிழ்ப் புத்தகங்கள் போதும், பாதி விருது வாங்கியது, பாதி வாங்காதது. புக்ஸ் ஃபார் சில்ரன், தூலிகா மாதிரிப் பதிப்பகங்களின் பட்டியலில் தேடினாலே கிடைத்துவிடும், விலையும் அதிகமில்லை, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி வாங்குங்கள், ஒன்று மட்டும் இருந்தால் காத்திருந்தே பிள்ளைகள் சலித்துவிடும். காலாண்டு விடுமுறைக்கு முன் கொடுக்கத் தொடங்கினால் பொங்கலுக்குள் ஓட்டு வைத்துவிடலாம். நாலு படித்தவர்களுக்கு ஓட்டு. படித்ததை நிரூபிக்கத் தேர்வு, மதிப்புரை, கேள்வித்தாள் எதுவும் வைக்காதீர்கள், அதை வைத்த அன்றைக்கே பிள்ளைகள் ஓடிவிடும். ஜெயித்த எழுத்தாளருக்குப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பட்டும். ஆங்கிலப் புத்தகம் தனியாக வேண்டும் என்றால் அடுத்த முறை கடையில் முத்திரையைப் பார்த்ததும், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பாப்பாவையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் முடிந்த பிறகும் அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பில் போடச் சொல்லிவிடலாம்.